கூலியேடு யார் கையில்?

(உழைப்பாளர் கூட்டமொன்றில் நிகழ்த்தப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)



கூலி என்பது இரப்பவனுக்கு இடும் ஈகை அன்று. கொடுப்பவனின் இரக்கத்தால் கிடைக்கும் பரிசும் அன்று. உழைப்பு முடிந்த அந்தப் பொழுதிலேயே அது உழைத்தவனின் உடைமை ஆகிவிடுகின்றது. அதன்பின் அது முதலாளியின் பெட்டியில் கிடக்கும் ஒவ்வொரு நாளும், பிறன் பொருள் அவன் பெட்டியில் கிடக்கும் நாளே ஆகும்.

இவ்வுண்மையைத் தமிழன் பிறரிடம் சென்று கற்க வேண்டியதில்லை. கூலி என்னும் சொல்லைத் திருவள்ளுவப் பெருந்தகை ஆள்வினையுடைமை அதிகாரத்திலேயே ஆண்டிருக்கின்றார். சம்பளம் என்னும் சொல்லைச் சம்பு, அளம் எனப் பிரித்து, உழைத்தவனுக்கு அளந்த நெல்லும் உப்பும் என்று பொருள் காட்டுவர் சொல்லாய்வறிஞர். கூலிக்கும் சம்பளத்திற்கும் இத்துணைப் பழைய சொற்களைக் கொண்ட ஓர் இனத்தில், உழைத்தவன் தன் கூலிக்காகத் திங்கள்தோறும் வாயிலில் நிற்பதும், நின்றும் பெறாமல் திரும்புவதும் எத்துணை இழிவு என்பதை எண்ணிப் பாருங்கள்.

ஒருவன் பேருந்தில் இன்னொருவன் பையிலிருந்து நூறு உருபாவை எடுத்தால் அவனுக்குத் திருடன் என்று பெயர். ஊரார் பிடித்துக் கட்டுவர், காவலர் வருவர். ஓர் ஆலைக்காரன் நூறு பேர் கூலியில் நாளொன்றுக்கு 25 உருபாவைக் குறைத்துக் கொடுக்கின்றான் என்று வைத்துக் கொள்ளுங்கள். திங்களுக்கு 26 நாள் வேலை என்றால் ஒருவர்க்கு 650 உருபா. ஓராண்டில் 7,800 உருபா. நூறு பேர்க்கும் சேர்த்து 7,80,000 உருபா. இதற்குத் திருட்டு என்று எவரும் பெயரிடுவதில்லை. கணக்குப் பிழை என்பர்; நிலுவை என்பர்; சந்தை சரியில்லை என்பர். பெயர் மாறியதால் செயல் மாறிவிடுமா?

இத்திருட்டு ஒரே வடிவில் நிகழ்வதில்லை. முழு நாள் உழைத்தவனுக்கு அரை நாள் என்று பதிவது ஒன்று. மிகை நேர வேலைக்கு இரட்டைக் கூலி தரவேண்டும் என்னும் சட்டமிருக்க, ஒற்றைக் கூலியோடு அனுப்பிவிடுவது ஒன்று. கால் மணி நேரம் பிந்தி வந்ததற்கு அரை நாள் கூலியைத் தண்டமாகப் பிடிப்பது ஒன்று. வருங்கால வைப்புத்தொகைக்கென்று கூலியில் பிடித்துவிட்டு, அதனைக் கட்டாமலே விட்டுவிடுவது ஒன்று. அரசு அலுவலர்க்குக் காட்ட ஓர் ஏடும், உண்மைக் கணக்குக்கு வேறோர் ஏடும் வைத்துக் கொள்வது ஒன்று. முன்பணம் கொடுத்துக் குடும்பத்தையே செங்கற்சூளைக்குக் கொண்டுவந்து, கழிக்கக் கழிக்கக் குறையாத கடனாக அதனை வளர்ப்பது ஒன்று. இத்தனைக்கும் பொதுவாக இருப்பது ஒன்றே ஒன்று. கணக்கு எழுதும் கை முதலாளியின் கை. அதன்கீழ்க் கைந்நாட்டு வைக்கும் கை தொழிலாளியின் கை. ஏடு எவன் கையிலோ, கூலியும் அவன் கையிலேயே நின்றுவிடுகின்றது. இன்றைய உரையின் சாரம் இவ்வளவே.

தோழர்களே! இது நேற்றுத் தோன்றிய கொடுமையன்று. கீழைத் தஞ்சையின் வயல்களிலே கூலி நெல்லாக அளக்கப்பட்டது. அளக்கும் மரக்காலும் பண்ணையாருடையது. அளப்பவனும் அவருடைய ஆள். கூலியைச் சிறிது உயர்த்திக் கேட்டதும், கேட்பதற்கு ஒன்று சேர்ந்ததுமே கீழ்வெண்மணியில் குற்றமாயின. 1968 திசம்பர் 25-ஆம் நாள் இரவு, பெண்டிரும் பிள்ளைகளும் முதியோருமாக 44 பேர் ஒரு குடிசைக்குள் வைத்து எரிக்கப்பட்டனர். மறு ஆண்டே, 1969-இல், வேளாண் தொழிலாளர்க்கு முறையான கூலி வழங்குவதற்கென்று தமிழ்நாட்டில் தனிச் சட்டம் இயற்றப்பட்டது. அச்சட்டத்தின் ஒவ்வோர் எழுத்துக்குப் பின்னும் அந்தச் சாம்பல் இருக்கின்றது என்பதை மறவாதீர்கள்.

கடல் கடந்து சென்ற தமிழனுக்கு நேர்ந்ததைப் பாருங்கள். இலங்கையின் தேயிலைத் தோட்டங்களுக்குக் கங்காணிகளால் கூட்டிச் செல்லப்பட்ட தமிழர், வழிச்செலவு முதலான கடனோடுதான் மலையேறினர். ஒரு தோட்டத்தை விட்டு இன்னொரு தோட்டத்துக்குப் போக வேண்டுமானால், அவர்தம் கடன் இவ்வளவு, இதனைக் கட்டினால் இவர்களை விடுவோம் என்று துரை எழுதிக் கொடுக்கும் ஒரு தாள் வேண்டும். அதற்குத் துண்டு என்று பெயர். அந்தத் துண்டுத் தாள் ஒன்றே ஒரு கூட்டம் மக்களைக் கட்டிப் போட்ட விலங்காயிற்று. 1921-இல்தான் அம்முறை சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. எழுத்தறியாத தமிழனின் வாழ்வை, அவன் படிக்க முடியாத மொழியில் எழுதிய ஒரு தாள் ஆண்டது. ஏடு எவன் கையில் என்னும் வினா எத்துணைப் பெரிது என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டுமா?

அந்தத் துண்டு மலைநாட்டோடு மறைந்துவிட்டதாக எண்ணற்க. கோவை, திருப்பூர், ஈரோடு, திண்டுக்கல் வட்டாரங்களின் நூற்பாலைகளிலே அது வேறு பெயரில் உயிர்த்தெழுந்தது. சுமங்கலித் திட்டம் என்று அதற்குப் பெயர். தென்மாவட்டத்துச் சிற்றூர்களிலிருந்து ஏழைப் பெண்மக்களைத் தரகர் கூட்டி வருவர். ஆலை வளாகத்து விடுதியிலேயே தங்கி மூன்றாண்டு உழைத்தால், இறுதியில் மணச் செலவுக்கென்று ஒரு மொத்தத் தொகை என்பது பேச்சு. அந்தத் தொகை எவன் வீட்டுப் பணம்? அவளுக்கு நாள்தோறும் சேரவேண்டிய கூலியிலிருந்து கொடாது வைத்துக்கொண்ட பகுதி அது. மூன்றாண்டுக்கு வட்டியின்றி ஏழைப் பெண் ஆலைக்காரனுக்குக் கொடுத்த கடன் அது. முப்பத்தைந்தாம் திங்களில் அவள் நோயுற்று வீடு திரும்பினால், திட்டத்தை முடிக்கவில்லை என்று சொல்லி அத்தனையும் மறுக்கப்பட்ட நிகழ்ச்சிகள் மிகப்பல. அன்று ஒரு தாள் கங்காணிக் கூட்டத்தைக் கட்டியது. இன்று ஒரு தாலிக் கனவு கட்டுகின்றது. வேறுபாடு இவ்வளவே.

சுமங்கலி என்னும் வடசொல்லின் பளபளப்பு அத்திருட்டுக்குப் போர்வை ஆயிற்று என்று சுட்டிக் காட்டுவது எளிது. அது உண்மையும் ஆகும். ஆனால் ஒன்றை மறைக்கலாகாது. அதே பெண்கள் ஆண்டுக்கணக்கில் பொறியியக்கி நூல் நூற்றபோதும், குறைந்த அளவுக் கூலியைத் தவிர்ப்பதற்காக அவர்களுக்குப் பயிற்சியாளர் என்று பெயர் சூட்டப்பட்டது. பயிற்சியாளர் என்பது நல்ல தமிழ்ச் சொல்தான். தமிழிலே எழுதினாலும் பொய் பொய்யே. தமிழனே திருடினாலும் திருட்டுத் திருட்டே. தமிழ்ப்பற்றாளர் என்று மேடையேறி முழங்குகின்றவர் தம் பட்டறையில், தம் அச்சகத்தில், தம் கடையில் வேலை செய்வோர்க்கு உரிய நாளில் உரிய கூலியைக் கொடுக்கின்றாரா என்பதே அவர் பற்றினை அளக்கும் முதற் கோல்.

இக்கொடுமையை எதிர்த்து எழுந்த தமிழகத்துக்கும் ஒரு வரலாறு உண்டு. 1908 பிப்பிரவரியில் தூத்துக்குடி நூற்பாலைத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தபோது, அவர்கள் முன்னே நின்றவர் வ.உ. சிதம்பரனார், உடன் நின்றவர் சுப்பிரமணிய சிவா. கூலி உயர்வையும் கிழமைக்கு ஒரு நாள் விடுப்பையும் கேட்டுப் பணியாமல் நின்ற அவர்களிடம் ஆலையினரே இறங்கி வந்தனர். 1918 ஏப்பிரலில் சென்னையில் தோன்றிய தொழிலாளர் கழகத்தை வாடியாவுடன் கட்டி வளர்த்தவர் திரு.வி.க. தமிழை அரங்கேற்றிய அதே நாவால் அப்பெருமகனார் தொழிலாளியின் வயிற்றுக்காகவும் வழக்காடினார். தமிழ்த் தொண்டும் தொழிலாளர் தொண்டும் இரண்டு வேலைகள் என்று அவர் கருதியதே இல்லை.

விட்லி என்பார் தலைமையில் 1929-இல் அமைந்து 1931-இல் அறிக்கை தந்த தொழிலாளர் ஆய்வுக் குழு, கூலி பிந்திக் கொடுக்கப்படுவதையும் தண்டம் என்னும் பெயரில் பிடிக்கப்படுவதையும் ஆராய்ந்தது. அதன் பயனாய் 1936-இல் கூலி வழங்கற் சட்டம் பிறந்தது. ஆயிரம் பேர்க்குக் குறைவாக உழைக்கும் இடங்களில் அடுத்த திங்களின் ஏழாம் நாளுக்குள்ளும், பிறவற்றில் பத்தாம் நாளுக்குள்ளும் கூலி கொடுத்தாக வேண்டும் என்றது அது. இன்னொன்றும் சொன்னது, தமிழர் கருத்தில் ஊன்ற வேண்டியது. அச்சட்டத்தின் சுருக்கத்தை ஆங்கிலத்தோடு, அங்கு உழைப்போருள் பெரும்பாலோர் மொழியிலும் எழுதித் தொங்கவிட வேண்டும் என்றது. தொழிலாளிக்குப் புரியாத சட்டம் அவனைக் காக்காது என்பதை வெள்ளையன் ஆட்சியே 1936-இல் ஒப்புக்கொண்டது. தமிழ் ஆட்சிமொழி என்று தமிழ்நாட்டில் 1956-இல் சட்டம் வந்தபின்னும், வேலை நாடிச் செல்லும் தமிழ் இளைஞன் ஆங்கிலத் தாளில், படித்துப் பாராமலே, சில இடங்களில் எழுதாத வெற்றுத் தாளிலும் கையெழுத்திடுகின்றான். பின்னொரு நாள் அவ்வெற்றுத் தாள் நிரப்பப்பட்டு, "கணக்கு முடித்துப் பணம் முழுவதும் பெற்றுக்கொண்டேன்" என்னும் வாக்குமூலமாக அவன் எதிரிலேயே வந்து நிற்கின்றது.

கூலித் திருட்டு வெறும் பணச் சிக்கல் அன்று, அடிமைச் சிக்கல் என்பதை உச்ச அறமன்றமே உரைத்திருக்கின்றது. தில்லியில் 1982-இல் நிகழவிருந்த ஆசிய விளையாட்டுகளுக்காக அரங்குகளும் மேம்பாலங்களும் கட்டப்பட்டன. அங்கு உழைத்தோர்க்குச் சட்டப்படியான நாட்கூலி 9 உருபா 25 காசு. ஒப்பந்தக்காரர்கள் அதனை ஆள்பிடிப்போர் கையில் கொடுத்தனர். அவர்கள் தலைக்கு ஓர் உருபாவைத் தரகாக எடுத்துக்கொண்டு 8 உருபா 25 காசையே கொடுத்தனர். குமுகவியல் அறிஞர் மூவர் அதனை நேரில் ஆராய்ந்தனர். அவ்வாய்வைக் கொண்டு குடியாட்சி உரிமைக்கான மக்கள் ஒன்றியத்தார் அறமன்ற நடுவர் பகவதிக்கு ஒரு மடல் எழுதினர். அம்மடலே வழக்காயிற்று. குறைந்த அளவுக் கூலிக்கும் குறைத்துக் கொடுத்து வேலை வாங்குவது, அரசியல் சட்டத்தின் 23-ஆம் பிரிவு தடுக்கும் கட்டாய உழைப்பே என்று 1982 செப்தம்பரில் தீர்ப்பு வந்தது. ஒருவனை வேலைக்குத் தள்ளுவது சாட்டையாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. பசியும் சாட்டையே என்பது அத்தீர்ப்பின் உட்பொருள். ஓர் உருபாவுக்காக எழுதிய ஒரு மடல் இந்த உண்மையை நாட்டின் சட்டமாக்கியது. எழுத்து தொழிலாளியின் பக்கம் வந்தால் என்ன நிகழும் என்பதற்கு அம்மடல் சான்று.

இன்று சட்டம் எங்கே நிற்கின்றது? கூலி வழங்கல், குறைந்த அளவுக் கூலி, ஊக்கத்தொகை, ஆண்பெண் சமக்கூலி ஆகியவை பற்றிய பழைய நான்கு சட்டங்களையும் ஒன்றாகச் சேர்த்து 2019-இல் இயற்றப்பட்ட ஊதியத் தொகுப்புச் சட்டம், 2025 நவம்பர் 21-ஆம் நாள் நடைமுறைக்குக் கொண்டுவரப்பட்டது. இதில் குறைகள் உள்ளன. தவறு செய்த முதலாளி மீது வழக்குத் தொடுக்குமுன், திருத்திக்கொள்ள அவனுக்கு ஒரு வாய்ப்புக் கொடுக்க வேண்டுமாம். பசிக்கு ஒரு ரொட்டியைத் திருடியவனுக்கு எந்தச் சட்டமாவது அப்படியொரு வாய்ப்பைக் கொடுத்ததுண்டா?

ஆயினும் இச்சட்டத்துள் தொழிலாளி எடுத்து ஆளத்தக்க படைக்கலங்களும் உள. அவற்றை அறியாதிருப்பது அறிவுடைமை ஆகாது. திங்கட் சம்பளம் அடுத்த திங்களின் ஏழாம் நாளுக்குள் கொடுக்கப்பட வேண்டும். வேலையிலிருந்து நீக்கப்பட்டவனுக்கும், தானே விலகியவனுக்கும் இரண்டு வேலைநாள்களுக்குள் கணக்குத் தீர்க்கப்பட வேண்டும். தண்டம் என்று பிடிப்பது அக்கூலியில் 3 விழுக்காட்டைத் தாண்டலாகாது. அதுவும் அவன் விளக்கத்தைக் கேட்ட பின்னரே. எல்லாப் பிடித்தமும் சேர்ந்து கூலியில் பாதியை மீறலாகாது. கூலிச் சீட்டுக் கொடுத்தாக வேண்டும். குறைந்த கூலிக்கு ஒருவனே முறையிடலாம். பலர்க்கும் சேர்த்து ஒரே முறையீடாகவும் கொடுக்கலாம். பதிவு பெற்ற தொழிற்கழகம் அவர்கள் சார்பில் கொடுக்கலாம். அதற்கு மூன்றாண்டுக் காலம் உண்டு. கொடாத கூலியோடு அதன் பத்து மடங்கு வரை இழப்பீடும் விதிக்க உரிய அலுவலர்க்கு இடமுண்டு. ஆணையிட்ட பின்னும் கட்டாதவனிடமிருந்து நிலவரி நிலுவையைத் தண்டுவது போல மாவட்ட ஆட்சியர் தண்டித் தர வேண்டும். இவை எல்லாவற்றினும் தலையாயது வேறொன்று. கூலி கொடுக்கவில்லை என்று ஒருவன் முறையிட்டால், கொடுத்தேன் என்று மெய்ப்பிக்கும் சுமை முதலாளியின் தலைமேலது.

இவ்வளவு இருந்தும் திருடப்பட்ட கூலி ஏன் திரும்புவதில்லை? தொழிலாளி தனியாக நிற்கின்றான். அவனிடம் தாள் ஒன்றும் இல்லை. எங்கே போவது, எந்த மொழியில் எழுதுவது என்பது அவனுக்குத் தெரியவில்லை. மூன்றாம் முறை அலுவலகப் படியேறும்போது மூன்று நாட் கூலி போய்விட்டது என்று மனம் சலித்துத் திரும்புகின்றான். முதலாளி நம்பியிருப்பது அந்தச் சலிப்பைத்தான்.

ஆதலால் தமிழ்ப்பற்றுடைய இளைஞர்க்கு ஒரு வேலை காத்துக் கிடக்கின்றது. அது மேடையில் செய்யும் வேலை அன்று. ஊர்ச் சாவடியிலும் தேநீர்க் கடையிலும் ஆலை வாயிலிலும் அமர்ந்து செய்யும் வேலை. ஒவ்வொரு தொழிலாளியும் தனக்கென்று ஒரு சிற்றேடு வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். நாள், வந்த நேரம், போன நேரம், செய்த வேலை, பேசிய கூலி, பெற்ற கூலி, கொடுத்தவர் பெயர், உடன் உழைத்தோர் பெயர் ஆகிய இவற்றை அன்றன்றே தமிழில் எழுதட்டும். எழுத அறியாதவர்க்கு அவர் பிள்ளை எழுதிக் கொடுக்கட்டும். வருகைப் பலகையையும் கூலிச் சீட்டையும் கைப்பேசியில் படம் எடுத்து வைக்கட்டும். கூலி வைப்பகக் கணக்கில் வந்தால் அக்கணக்கேட்டைத் திங்கள்தோறும் சரி பார்க்கட்டும். வெற்றுத் தாளில் எவரும் கையெழுத்து இடலாகாது. புரியாத மொழித் தாளாயின், படித்துக் காட்டச் சொல்லிப் படியொன்று பெற்ற பின்னரே கையெழுத்து.

வீட்டு வேலை செய்யும் தாய்மார்க்கும் வயல் வேலை செய்வோர்க்கும் இது இன்னும் கட்டாயம். ஐவருக்கு மேற்படாத ஆள்களை வீட்டு வேலைக்கோ வேளாண்மைக்கோ வைத்திருப்போர் ஏடும் கூலிச் சீட்டும் வைக்கத் தேவையில்லை என்று அச்சட்டமே விலக்களிக்கின்றது. கேட்டபோது கூலி கொடுத்ததற்குத் தக்க சான்று காட்டினால் போதுமாம். முதலாளிக்கு ஏடு இல்லாத இடத்தில் உழைப்பவளின் ஏடே ஏடு.

எழுதிய ஏட்டோடு ஒருவராகப் போகாதீர்கள், பதின்மராகப் போங்கள். ஒருவனை வேலையை விட்டு நிறுத்துவது எளிது. ஒரே தாளில் கையெழுத்திட்ட நாற்பது பேரை நிறுத்துவது எளிதன்று. தொழிலாளர் துறை அலுவலகத்தில் முறையீட்டைத் தமிழிலேயே கொடுங்கள். பெற்றுக்கொண்டதற்கு அடையாளம் இட்ட படியை வாங்காமல் வெளியே வராதீர்கள்.

இறுதியாக ஒன்று, இக்கூட்டத்தில் சிலர்க்குக் கசக்கலாம். திருப்பூரிலும் கோவையிலும் சென்னையிலும் வடபுலத்துத் தொழிலாளர் நிறைந்துவிட்டனர், தமிழன் வேலை போயிற்று என்னும் குரல் எங்கும் கேட்கின்றது. அவர்களை முதலாளி ஏன் விரும்புகின்றான் என்று அக்குரல் எழுப்புவோர் வினவியதுண்டா? அவன் மொழியறியாதவன், முறையிட இடம் அறியாதவன், ஆள்பிடிப்போனுக்குத் தரகு அழுபவன், கூலியைக் குறைத்தாலும் கேட்கத் துணையற்றவன். இலங்கை மலையில் துண்டைச் சுமந்த தமிழன் எந்நிலையில் இருந்தானோ, அந்நிலையில் அவன் இங்கு இருக்கின்றான். அவனுடைய கூலி திருடப்படும் வரை தமிழனின் கூலியும் உயராது. அவனுக்கும் சட்டப்படியான முழுக் கூலி, அவனுக்குப் புரியும் எழுத்தில் கணக்கோடு, கொடுக்கப்பட்டாக வேண்டும் என்று முதலில் கேட்க வேண்டியவன் தமிழனே. மலிவான ஆள் என்று ஒருவன் இல்லாமற் போகும் நாளில், தமிழனை ஒதுக்குவதால் வரும் ஊதியமும் முதலாளிக்கு இல்லாமற் போகும். தன் மொழி தன் உரிமை என்று நிற்கும் இனம், பிறன் மொழியால் பிறன் ஏமாற்றப்படுவதைப் பார்த்து வாளா இருத்தல் கூடாது. அது அவ்வினத்தின் கொள்கைக்கே இழுக்கு.

தோழர்களே! துண்டு என்னும் தாளும் எழுத்துத்தான். அறமன்றத்துக்குப் போன அந்த மடலும் எழுத்துத்தான். ஒன்று கட்டியது, ஒன்று அவிழ்த்தது. எழுதியவன் எவன் என்பதே வேறுபாடு. இன்றிரவே ஒரு சிற்றேட்டை எடுங்கள். முதற் பக்கத்தில் இன்றைய நாளை எழுதுங்கள். உழைத்த நேரத்தை எழுதுங்கள். வரவேண்டிய கூலியைத் தமிழ் எழுத்தால், பிழையின்றி எழுதுங்கள். அந்த ஏடு உங்கள் கையில் இருக்கட்டும். கூலியும் உங்கள் கைக்கு வந்து சேரும்.